நாற்பத்தொன்றாம் தீர்மானம்

...கொள்கையெல்லாம் கொஞ்சம் ஓரமா இருக்கட்டும். ஒரு ஊர்ல, பன்னெண்டாவது வார்டுல நடந்ததைச் சொல்லிட்டு மேல போறேன். சின்னதுதான், கேளுங்க.

தவமணின்னு ஒரு அக்கா. இருபத்திரண்டு வருஷமா கட்சிக்குக் கொடி பிடிச்சவங்க. கோஷம் போட்டுப் போட்டே குரல் கரகரத்துப் போனவங்க. ஒருவழியா கட்சி சீட்டு கொடுத்துச்சு... கவுன்சிலர் ஆயிட்டாங்க.

நகராட்சிக் கூட்டம் நடக்கிற லட்சணம் தெரியும்ல? அறுபத்து நாலு தீர்மானம். வாசிக்கணும், விவாதிக்கணும். யார் செய்யறா? சேர்மன் தலையைத் தூக்கி, "என்னப்பா... ஆல் பாஸா?" அவ்வளவுதான். எல்லாரும் மேசையைத் தட்டி, "ஆல் பாஸ்!" பதினோரு நிமிஷம். அப்புறம் போண்டா, டீ. அக்கா போன ஒரு கூட்டமும் இப்படித்தான். அன்னைக்கு மேசையில விழுந்ததுலயே பெரிய அடி யாரோடது? நம்ம அக்காவோடது!

அடுத்த வாரம் அவங்க வார்டு அங்கன்வாடிக்குப் பக்கத்துல குப்பை லாரி வந்து கொட்டுது. மூணே நாள்... பிள்ளைங்க சோத்துத் தட்டு பூரா ஈ. அக்கா விடுவாங்களா? லாரிக்கு முன்னால நடுரோட்டுல உட்கார்ந்துட்டாங்க. "எவன்டா இங்க கொட்டச் சொன்னான்? வரச் சொல்லு அவனை!"

நகராட்சி அதிகாரி மெதுவா ஒரு காகிதத்தை நீட்டுறார். "நாற்பத்தொண்ணாவது தீர்மானம்மா... குப்பையை இங்கதான் கொட்டணும்னு ஏகமனதா நிறைவேறியிருக்கு. நீங்களும் இருந்தீங்களே."

பக்கத்துல உட்கார்ந்திருந்த பர்வீன் கேட்கிறா. அவ பையனும் அந்த அங்கன்வாடிலதான். "என்னக்கா, நீ படிக்கலியா?"

"கட்சி கொண்டு வந்ததுடி... அதை எதுக்குப் படிக்கணும்?"

சிரிக்காதீங்க. அந்த அக்கா திருடி இல்ல. நம்பினாங்க... அவ்வளவுதான்.

அடுத்த கூட்டத்துல எழுந்து நின்னாங்க. "நாற்பத்தொண்ணை ரத்து பண்ணுங்க." சேர்மன் சீறுறார்: "தவமணி! யார் போட்ட சோறுன்னு மறந்துட்டியா? கட்சிக்கு உசிரையே கொடுப்பேன்னு சொன்னவதானே நீ?"

"இப்பவும் கொடுப்பேண்ணே. என் உசிரு. அந்தப் பிள்ளைங்க உசிரு என்னுது இல்லியே... எடுத்துக் கொடுக்க?"

ஒருத்தர்கூட மேசையைத் தட்டல. அன்னைக்குச் சாயங்காலமே கட்சியை விட்டு நீக்கிட்டாங்க.

அடுத்த தேர்தல்ல அக்கா சுயேச்சையா நின்னாங்க. தையல் மெஷின் சின்னம். அவங்களுக்காக அந்த வார்டு என்ன பண்ணியிருக்கணும்? வாங்கின ஓட்டு... நூத்திப் பன்னெண்டு. ஜெயிச்சது கட்சியோட பழைய சின்னம்தான். லாரி இன்னைக்கும் வருது.

ரிசல்ட் அன்னைக்கு பர்வீன் வந்து நிக்கறா, முகத்தைப் பார்க்க முடியாம. "அக்கா... ஓட்டு மெஷின்ல உன் பேரைத்தான் தேடினேன். அதுக்குள்ள விரல் பழகின இடத்துக்குப் போயிடுச்சு."

அக்கா திட்டல. "தெரியும்டி. நானும் அப்படித்தானே மேசையைத் தட்டினேன்?"

இப்போ சொல்லுங்க... கவுன்சிலருக்காவது கட்சி கட்டளை போடுது. மீறினா கட்சியை விட்டு நீக்கும், அடுத்த சீட்டு போகும். உங்களுக்கு யார் கட்டளை போட்டா? ஓட்டுப் போடற அந்த அட்டை மறைப்புக்குப் பின்னால உங்களைத் தவிர யார் இருக்கா? சின்னத்தைப் பார்த்ததும் பட்டனை அமுக்குறோமே, அதுக்குப் பேர் என்ன? ஆல் பாஸ்!

கட்சியில இருங்க. கொடி பிடிங்க. வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா அமுக்குறதுக்கு முன்னால ஒரு பத்து செகண்ட்... விரலை நிறுத்துங்க. குப்பை நாத்தம் மூக்குல ஏறட்டும். அப்புறம் அமுக்குங்க.