சூசைமுத்து கை பட்ட வண்டி

மேடம், இந்த டீயில் இஞ்சி கொஞ்சம் தூக்கல். குறை சொல்லவில்லை, எனக்கு அப்படித்தான் பிடிக்கும். ஸ்டேஷனுக்கு விசாரணைக்கு வருகிறவனுக்கு இவ்வளவு நல்ல டீ கொடுப்பீர்கள் என்று தெரிந்திருந்தால் போன வாரமே வந்திருப்பேன்.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். தரையோடு தரையாக, இரண்டே கதவோடு சர்ரென்று போகுமே வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார், அதைப் பழையதாக வாங்கி விற்கிறேன். திண்டுக்கல்லில் இதை எவன் வாங்குவான் என்று எல்லோரும் சிரிப்பார்கள். இங்கே யாரும் வாங்க வேண்டாம். அடிபட்ட வண்டியை ஏலத்தில் எடுப்பேன், பைபாஸ் ஷெட்டில் சரிசெய்வேன், வெளியூர் வியாபாரிகளுக்குத் தள்ளிவிடுவேன். அவர்கள் யாருக்கு விற்கிறார்கள் என்று கேட்பதில்லை. ஓட்டப்போகிறவர் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும்.

கோயம்புத்தூர் அப்துல் ஜப்பார் பாய் முப்பது வருஷமாக என்னிடம் வண்டி எடுக்கிறார். "சூசைமுத்து கை பட்ட வண்டியா, கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். எனக்கு நிலபுலன் கிடையாது. அந்த ஒரு பேச்சுதான் என் சொத்து.

நீங்கள் கேட்கிற அந்தச் சிவப்பு வண்டி ஓசூர்ப் பக்கம் லாரியில் முட்டி வந்தது. முட்டினால் ஸ்டியரிங்குக்குள் மடித்திருக்கும் காற்றுப் பை விரிந்து, ஓட்டுகிறவர் நெஞ்சைக் காப்பாற்றும். ஒருமுறை விரிந்துவிட்டால் புதிதுதான் போட வேண்டும். அது வெளிநாட்டிலிருந்து வர மூன்று மாதமாகும். அம்புட்டுப் பொறுமை எனக்கு ஏது. என் வீட்டுக்காரி கட்டிக் கிழித்த சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை ஒன்று கிடந்தது, கத்திரிப்பூ நிறம். அதை மடித்து உள்ளே வைத்து மூடினேன். பருத்தி நல்ல சாமான், குலுக்கினாலும் சத்தம் வராது. எச்சரிக்கை விளக்கு ஒன்று எரியும். அதை அணைக்கவும் ஒரு வழி உண்டு. அதை மட்டும் சொல்ல மாட்டேன், யாராவது கற்றுக்கொண்டு கெட்டுப்போவார்கள்.

ஜப்பார் பாய் எடுத்துப் போனார். நான் மறந்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து, என் தங்கச்சி அமலராணியின் மகள் ஷைனி அதே வண்டியில் வந்து ஷெட்டில் இறங்கினாள். பக்கத்தில் அவள் புருஷன் ரொனால்டு. பின்னாலேயே வேறு காரில் ஜப்பார் பாய். ஷைனிக்கு நான் தாய்மாமன், ஞானத்தகப்பனும் நானே. ஞானஸ்நானத்தின்போது அவளை ஏந்தி நின்றவன். சின்ன வயதில் என் ஷெட்டில் நிற்கிற வண்டிகளில் ஏறி உட்கார்ந்து வாயாலேயே கார் ஓட்டுவாள். கனடாவில் ஒன்பது வருஷம் நர்ஸ் வேலை பார்த்துச் சேர்த்து, நிஜமாகவே ஒன்று வாங்க வந்திருந்தாள்.

"மாமா, இன்னும் அட்வான்ஸ் குடுக்கல. நீங்க ஒரு வார்த்த நல்லாருக்குன்னு சொன்னாத்தான் எடுப்பேன்."

ஜப்பார் பாய் சிரித்தார். "அண்ணன் குடுத்த வண்டிய அண்ணன்கிட்டயே காட்டுறியேம்மா."

"அட, உங்க வண்டியா! அப்பறம் என்ன மாமா யோசிக்கிறீக?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். பாய் முன்னால் வைத்து என்ன சொல்வது? முப்பது வருஷப் பேர், மேடம்.

"தங்கமான வண்டி ஆத்தா, எடுத்துக்க" என்றேன்.

நான் கல்நெஞ்சன் இல்லை. மூன்று மாதம் கழித்துச் சர்வீசுக்கு விடச் சொன்னேன், அதற்குள் பையை வரவழைத்துப் போட்டுவிடலாம் என்று. ஷெட்டில் வேலை நெரிசல், ஆர்டர் போட மறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் சாமியார் தீர்த்தம் தெளித்து வண்டியை மந்திரித்தார். நானும் சத்தமாகத்தான் ஆமென் சொன்னேன். அதோடு மனசு லேசாகிவிட்டது. பாரத்தை மேலே இருக்கிறவர் வாங்கிக்கொண்டார் அல்லவா.

பதினெட்டாம் நாள் எரியோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனாள். காலை ஒன்பது மணி, வளைவில் ஒரு புளியமரம். பெரிய வேகமும் இல்லை, பெல்ட்டும் போட்டிருந்தாள். பை விரிந்திருந்தால் நடந்தே வீட்டுக்குப் போயிருப்பாள் என்று டாக்டர் ரொனால்டிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அழுதேன், மேடம். பொய்யழுகை இல்லை. பெட்டியின் தலைமாட்டைத் தூக்கியதும் நான்தான்.

ரொனால்டு எடுத்த போட்டோவில், பிளந்த ஸ்டியரிங்கிலிருந்து கத்திரிப்பூ நிறத்தில் எட்டிப் பார்ப்பது என்ன என்று கேட்டீர்கள். சேலைதான். நான் வைத்ததுதான். எழுதிக்கொள்ளுங்கள்.

வண்டி எங்கே என்றும் கேட்டீர்கள். இன்ஷூரன்ஸ்காரர்கள் ஏலம் விட்டபோது நானே எடுத்துவிட்டேன். வேறொருவன் பிரித்துப் பார்த்தால் என் பேர் என்னாவது? சரிசெய்து, நீலப் பெயின்ட் அடித்து, போன புதன்கிழமை பெங்களூர் வியாபாரி ஒருவருக்குக் கொடுத்தாயிற்று. இந்நேரம் யாராவது ஓட்டிக்கொண்டிருப்பார்கள், அருமையாக ஓடும்.

பை போட்டாயா என்று பார்க்கிறீர்கள். அது வர மூன்று மாதமாகும் என்றுதான் சொன்னேனே.

ஆனால் ஒன்று, மேடம். கிறிஸ்துமஸுக்கு ஷைனிக்குக் கொடுக்கச் சின்னாளப்பட்டியில் ஒரு சேலை வாங்கி வைத்திருந்தேன். எங்கள் பிள்ளை உட்கார்ந்த வண்டி அது. அதில் கிழிந்த துணியைத் திணிக்க எனக்கு மனசு வரவில்லை. அந்தப் புதுச் சேலையைத்தான் மடித்து வைத்தேன்.