முதலாம் இடத்து இசைத்தட்டு

“பிரிட்டனில எல்லாக் காலத்திலயும் கூட வித்த அல்பம் எண்டா, அதில எனக்கும் பங்கிருக்கு!”

ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகர ட்ராமில் எனக்கு முன்னால் இருந்த அக்கா இப்படிச் சொன்னதும் என் காது தானாக நீண்டது. பக்கத்தில் லண்டனிலிருந்து வந்த அவருடைய தம்பி. அவர் பரிசாகக் கொண்டுவந்த பெரிய இசைத்தட்டு அக்காவின் மடியில் இருந்தது.

“பகிடி விடாதேங்கோ அக்கா. விற்பனையில ரெண்டாவது, மூண்டாவது இடத்தில இருக்கிறது வேண்டாம், உங்களுக்கு முதலாவதுதான் எண்டு தேடி வாங்கினனான். இது வெள்ளைக்காரன்ர பாட்டு.”

“பாட்டு அவன்ர. தட்டு ஆரின்ர? அட்டையின்ர பின்பக்கத்தை வாசி.”

“ஜெர்மனியில செய்தது… ஐயோ, நீங்கள் வேலை செய்யிற தட்டு ஃபக்டரியோ?”

“ஓம். நாங்கள் அனுப்பினதை நீ காசு குடுத்துத் திருப்பிக் கொண்டந்திருக்கிறாய்.”

தம்பி தலையில் கைவைத்தார். அக்கா தட்டை வெளியே எடுத்து, விளிம்பில் மட்டும் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“என்ன தேடுறீங்கள்?”

“கீறல். அங்க என்ர வேலையே அதுதானே. முதலாம் இடத்துத் தட்டில ஒண்டு தப்பிப் போயிருந்தா எனக்கெல்லோ வெக்கம்.”

இரண்டு பக்கமும் பார்த்து முடிக்கும்வரை தம்பி மூச்சு விடவில்லை. நானும்தான்.

“ஒரு குறையுமில்லை” என்றார் அக்கா.

தம்பி உடனே லண்டனிலிருந்த மனைவிக்குப் போன் போட்டார். முழு ட்ராமுக்கும் கேட்டது:

“இஞ்ச பாரும், எங்கட அக்கா சரி எண்டு சொன்னாத்தான் அது கடைக்கே போகுமாம்!”