காலியாக விட்ட கட்டம்

அறிவின் ஆழமே! அன்பின் அகலமே! ஆற்றலின் அருவியே! என்று அடுக்கத்தான் ஆசை. ஆனால் அடைமொழி ஒவ்வொன்றுக்கும் "யாரு பாத்தா?" என்று கேட்பீர்களே, அஞ்சுகிறோம் அம்மா! ஐந்தாம் வகுப்பின் ஆசிரியையே, பிள்ளைகள் வாயால் "யாருபாத்தா டீச்சர்" என்று பட்டம் பெற்ற பெருந்தகையே, பணி நிறைவு பெறும் இந்நாளில் உங்களை வணங்கிப் பாராட்டுகிறோம்.

செய்தித்தாளில் வருவதுபோல் செய்தி எழுதப் பத்து வயதுப் பிள்ளைகளைப் பழக்கினீர்கள். தலைப்பு சுருங்க வேண்டும். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்பதெல்லாம் முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். நேரில் கண்டவர் சொன்னது சொன்னபடியே மேற்கோளுக்குள் நிற்க வேண்டும். சொந்த அபிப்பிராயத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். இதையெல்லாம் எந்தப் பாடநூலும் சொல்லும். உங்கள் சுவர்ச் செய்தித்தாளுக்கு மட்டும் இன்னொரு சட்டம் இருந்தது. யாரைக் குறை சொல்லி எழுதினாலும் செய்திக்கு அடியில் அவருக்கென்று ஒரு கட்டம்; அதை அவரே தம் கையால் நிரப்ப வேண்டும். கேட்டும் மறுத்தால்தான் கட்டம் காலியாகச் சுவரேறும்.

பள்ளி வேன் வாசல் தூணில் மோதிய அந்தக் காலையை மறக்க முடியுமா! தூண் சரிந்து ஒரு பிள்ளைக்குக் கை முறிந்தது. ஓட்டுநர் போன் பேசிக்கொண்டே ஓட்டினார் என்று ஒரு பேச்சு கிளம்பியது; கண், காது, மூக்கு எல்லாம் முளைத்து மதியத்துக்குள் முடிந்த முடிவாகிவிட்டது. மறுநாள் மாலை நிர்வாகக் குழு கூடி அவரை வேலையை விட்டு அனுப்புவதாக இருந்தது. பிள்ளைகளும் "ஓட்டுநரின் அலட்சியம்" என்று தலைப்பெழுதி வந்தார்கள். "போன் பேசினத யாரு பாத்தா?" என்றீர்கள். ஒரு கைகூட உயரவில்லை.

மறுநாள் உணவு இடைவேளையில் மூன்று பிள்ளைகளோடு வேன் நின்ற பட்டறைக்குப் போனீர்கள். வேனிலிருந்து தம் துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துப்போக வந்திருந்தார் ஓட்டுநர். "என்ன நடந்துச்சு அண்ணே?" என்று ஒரு சிறுமி பென்சிலை நீட்டினாள். அதுவரை அவரிடம் அதைக் கேட்டவர் எவருமில்லை! "பிரேக்க மிதிச்சேன் பாப்பா, பிடிக்கல. சரியில்லைன்னு போன வாரமே நம்ம பள்ளிக்கூடச் செயலாளர் ஐயாகிட்ட சொன்னேன்" என்றார், சொன்னதையே கட்டத்தில் எழுதினார். வண்டிக்கடியில் கிடந்த மெக்கானிக், "பிரேக் ஆயில் குழாய் வெடிச்சிருக்கு, நீங்களே குனிஞ்சு பாருங்க" என்றார். பிள்ளைகள் பார்த்தார்கள்.

குழு கூடும் முன் செய்தி சுவரேறியது. தலைப்பு, "பள்ளி வேன் மோதி வாசல் தூண் சரிந்தது." அடியில் இரண்டு கட்டங்கள். ஓட்டுநருடையது நிரம்பியிருந்தது. செயலாளருடையது, கேட்கப்போன பிள்ளைகளை அவர் விரட்டிவிட்டதால், காலி. சீறிக்கொண்டு வந்தார் அவர். "இத இப்பவே கிழிங்க டீச்சர். இல்லன்னா அந்த டிரைவரோட நீங்களும் கிளம்ப வேண்டியதுதான்!" நடைக்கூடத்தில் நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். "எங்க தப்புன்னு காட்டுங்க சார், இங்கயே திருத்திடறோம்" என்றீர்கள், குரல் உயராமல். அவர் சிவப்புப் பேனாவைத் திறந்து படித்தார். மறுபடியும் படித்தார். பேனா தாளைத் தொடவில்லை. அப்போது அந்தச் சிறுமி, "சார், உங்க கட்டம் காலியா இருக்கு" என்று அதே பென்சிலை நீட்டினாள். மாடிப்படியில் குழுவினரின் காலடி கேட்டது. அவர் வாங்கினார். "ஓட்டுநர் சொன்னது உண்மை. நான்தான் தள்ளிப்போட்டேன்" என்று எழுதினார்.

அஞ்சாமையின் உருவே! இந்த அடைமொழிக்கு மட்டும் "யாரு பாத்தா?" என்று கேட்காதீர்கள். நாங்கள் அத்தனை பேரும் பார்த்தோம்.

இன்று உங்களை இந்த அரங்குக்கு அழைத்து வந்தவர் அதே ஓட்டுநர்தான். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் செயலாளர் ஐயாவும் இம்மடலை முன்கூட்டியே படித்து, "திருத்த ஒண்ணுமில்ல, அப்படியே வாசிங்க" என்றார். நலமும் நகையும் நாளும் பெருக, நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும்!

ஒரே ஒரு குறை: எங்களை விட்டுப் போகிறீர்கள். குறை எழுதினால் கட்டம் விட வேண்டும் அல்லவா? விட்டிருக்கிறோம். அதனால்தான் இம்மடலின் மரச்சட்டத்துக்கு இன்னும் கண்ணாடி போடவில்லை. பென்சில் இதோ, அம்மா.

இப்படிக்கு,
நேரில் பார்த்தவர்கள்
(ஆசிரியர்கள், அலுவலர்கள், ஓட்டுநர்)

ஆசிரியை சொல்வது:
[                              ]