கடைசிச் சீட்டு

ஷார்ஜா தொழில்பேட்டையின் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து கட்டட சைட்டுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் உற்சாகமாகச் சொன்னார்: "நல்லவேளை, குலுக்கினதுல எனக்குக் கடைசிச் சீட்டு விழுந்துச்சு."

அவர் பக்கத்தில் இருந்த அவருடைய ரூம்காரர் இருவரின் சாப்பாட்டு டப்பாக்களையும் மடியில் வைத்திருந்தார். "ஃபுட்பால் டீமுக்கு ஆள் பிரிக்கையில நாலு கேப்டன்ல கடைசியா எடுக்கறது நல்லதாண்ணே?"

"முதல்ல இருக்கறவன் ஒருத்தனை எடுத்துட்டு ஒக்காந்திருக்கணும். கடைசி ஆளு ரெண்டு பேரைச் சேர்த்து எடுக்கலாம். அங்கேருந்துதான் வரிசை திரும்பும். மத்த மூணு பேரும் கோல் அடிக்கிறவனைத் தேடித்தான் ஓடுவானுங்க. நான் நல்ல கோல்கீப்பர் ஒருத்தன், பின்னால தடுத்து நிக்க ஒருத்தன்னு ரெண்டு பேரையும் ஒண்ணா தூக்கிருவேன். அப்புறம் வெள்ளிக்கிழமை எவன் கோல் போடுறான்னு பாக்குறேன். இந்தத் தடவை கப்பை விடறதா இல்ல."

"என்னை எப்பண்ணே எடுப்பீங்க?"

"உன்னையா? கடைசி ரவுண்டுலதான். அதுவரைக்கும் உன்னை எவன் தொடப்போறான்?"

சைட் வந்துவிட்டது. டிரைவர் "யல்லா, யல்லா" என்று இறங்கச் சொல்லி அவசரப்படுத்தினார். ரூம்காரர் ஒரு டப்பாவைக் கேப்டனின் மடியில் வைத்துவிட்டு, தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.