விஷத்தைத் தின்று வளர்ந்த புழு

காலை ஷிப்டுக்குப் போகும் கூட்டத்தோடு திருப்பூர் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். பொங்கலூரில் ஏறிய ஓர் அம்மா, எனக்கு முன் இருக்கையில் இடம் தந்த பெண்ணிடம் சொன்னதைக் கேட்டு ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினேன்.

"எங்க பருத்திக் காட்டுப் புழு வெசத்தையே தின்னு கொழுத்துப்போச்சுங்க."

அந்தப் பெண் தெற்கேயிருந்து வந்து பனியன் கம்பெனியில் தைப்பவள். "என்னக்கா சொல்லுதீங்க?" என்றாள்.

"முன்னால பருத்திக்கு வாராவாரம் மருந்தடிக்கோணுங்க. ஊட்டுக்காரரு ஒருக்கா மூச்சு முட்டிக் காட்டுலயே உழுந்துட்டாரு. அப்பறந்தான் பி.டி. பருத்தி வெதை வந்துச்சு. செடிக்குள்ளயே வெசம். காயைக் கடிச்ச புழு சுருண்டு செத்துக் கெடக்கும். செடியப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டனுங்க. நல்ல வெள்ளாமை. அந்தப் பருத்தியிலதான் ஊடு கட்டுனோம்."

"பொறவு?"

"போன வருசம் காயெல்லாம் சரியா வெடிக்காம நின்னுச்சு. ஒண்ணைப் பிச்சுப் பாத்தா, உள்ளார ரோசாப்பூ நெறத்துல புழு. உசுரோட நெளியுது. பஞ்சு, கொட்டை எல்லாம் காலி."

"ஆத்தி! விதை கொடுத்தவங்க என்ன சொன்னாங்க?"

"புழுவுக்கு அந்த வெசம் பழகிப்போச்சுன்னாங்க. அத்தனை படிச்சவிங்க உக்காந்து செஞ்ச வெசத்தை, இத்துனூண்டு உசுரு செரிச்சிருச்சுங்களே!"

"நசுக்கிப் போட்டீங்களா?"

"நசுக்கத்தான் கையில எடுத்தேன். மனசு வரலீங்க. அவரையும் கூப்பிட்டுக் காமிச்சேன். ரெண்டு பேரும் அதையே பாத்துட்டு நின்னோம். அடுத்த வாரம் செடியெல்லாம் புடுங்கிட்டோம். நான் பனியன் கம்பெனிக்குத் துணி செக்கிங் வேலைக்கு வந்துட்டனுங்க."