நிறம் பிசகிய குஞ்சுகள்

அக்கம்பக்கத்தார் என்னைத் தையல்காரம்மா என்று அழைப்பார்கள். வயது நாற்பத்தாறு. கணவர் இறந்த பின் தம்பி வீட்டு மாடி அறையில் குடியிருந்து, பள்ளிச் சீருடை தைத்துப் பிழைத்து வருகிறேன். இன்று காவல் நிலையத்துக்கு நானாக வந்து, பெண் காவலர் முன்னிலையில் சொல்வதாவது:

என் தம்பி பழைய இனக் கோழிகளை நிறம் பார்த்து வளர்ப்பவன். அவனிடம் இருப்பவை சாம்பல் நிறக் கோழிகள். ஒவ்வோர் இறகின் ஓரத்திலும் மையால் இழுத்தது போலக் கறுப்பு விளிம்பு இருக்கும். கொட்டகையில் வேறு நிறமே இருக்கக் கூடாது என்பது அவன் பிடிவாதம். ஆனால் சாம்பல் சேவலையும் சாம்பல் பெட்டையையும் சேர்த்தாலும் ஒவ்வொரு முறை பொரிக்கும்போதும் சில குஞ்சுகள் கறுப்பாகவும், சில வெள்ளையில் புள்ளி விழுந்தும் வரும். அவற்றை அன்றே வாளித் தண்ணீரில் அமுக்கிவிடுவான். அந்த வாளியை வீட்டில் யாரும் வேறெதற்கும் எடுப்பதில்லை.

கால்நடை மருத்துவர் என் முன்னிலையிலேயே அவனிடம், "ரெண்டும் சாம்பலா இருந்தாலும் மூணு நெறமும் வரத்தான் செய்யும், அது ரத்தத்துல இருக்கு" என்றார். அதன் பிறகு தம்பி அவரை உள்ளே விடவில்லை. எவனோ வேறு சேவலை உள்ளே விடுகிறான் என்று சொல்லி, கொட்டகைக்கு இரட்டை வலை அடித்துப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டான். அதன் பிறகும் கறுப்புக் குஞ்சு பொரித்தது. அதன் பிறகு தம்பி மனைவி கர்ப்பமாக இருந்த மாதங்களில், அவன் வெளியே போகும்போது வீட்டு வாசற்கதவுக்கும் பூட்டுப் போட்டான்.

பெண் குழந்தை பிறந்தது. தாய் தகப்பன் இருவரும் மாநிறம், குழந்தை நல்ல கறுப்பு. நான், "நம்ம அப்பாவ அப்படியே உரிச்சு வச்சிருக்குடா" என்றேன். அவன் குழந்தையைப் பார்த்தபடி, "இது எந்தச் சேவலோடது?" என்று கேட்டான். தம்பி மனைவி வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை என்று கண்ட பிறகு அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

நேற்று மதியம் தம்பி மனைவி மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது நான் கீழே வந்தேன். தொட்டில் காலியாக இருந்தது. உடனே குஞ்சு பொரிக்கும் அறைக்குப் போனேன். அடைகாப்புப் பெட்டி அணைந்திருந்தது, உள்ளே முட்டை எதுவும் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தம்பி, குஞ்சைப் பிடிப்பது போலவே குழந்தையை உள்ளங்கையில் குப்புறப் போட்டு, பிடரி மயிரை ஊதி ஊதி அடி நிறம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காலடியில் அந்த வாளி தளும்ப நிறைந்திருந்தது. நான் குனிந்து அதில் கை வைத்துப் பார்த்தேன். சுடவைக்காத பச்சைத் தண்ணீர்.

"பால் குடிக்கிற நேரம்டா, குடு" என்றேன். "அடியிலயும் கறுப்புத்தான்க்கா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவன் கை தளர்ந்த நேரத்தில் குழந்தையை வாங்கி, பின்னடியாகவே வெளியே வந்து, கதவை வெளித்தாழ்ப்பாள் போட்டேன். அதன் பிறகு அவன் உள்ளிருந்து, "அக்கா, கொழந்தையக் குளிப்பாட்டத்தான் தண்ணி வச்சேன், தொறக்கா" என்று மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நான் திறக்கவில்லை. அதன் பிறகு போன் செய்து காவலரை வரவழைத்தேன்.

குளிப்பாட்டத்தான் தண்ணீர் வைத்தார் என்று தம்பி மனைவியும் எழுதிக் கொடுத்திருப்பதாக அறிகிறேன். இன்று காலையில் நிலையத்தின் வெளி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க ஒரு நாள் காப்பாத்திட்டீங்க அண்ணி, மத்த நாளெல்லாம் நான்தானே அங்க இருக்கணும்" என்றாள். அவன் மீது எனக்கு முன்விரோதம் எதுவும் இல்லை. தாய் இல்லாத அவனை வளர்த்தவள் நான். பிறந்ததிலிருந்து அந்தக் குழந்தையை அவன் ஒரு நாளும் குளிப்பாட்டியதில்லை. தாயும் குழந்தையும் அந்த வீட்டுக்குத் திரும்பக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னதைப் படித்துக் காட்டக் கேட்டேன். கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை, அனைத்தும் உண்மை.

(கையொப்பம்)
தையல்காரம்மா