அணைஞ்சு அணைஞ்சு போன அணுக் கடிகாரம்

என் வாட்ச் எப்பவும் ஏழு நிமிஷம் முன்னாடி ஓடும், நான்தான் லேட்டா வருவேன். இன்னிக்கும் ஓடி வந்து ஸ்ரீரங்கத்துல பஸ் ஏறி உக்காந்தா, முன் சீட்டுக்காரர் மடியில ஒரு அலுமினியப் பெட்டிய வச்சுக்கிட்டு பக்கத்துல இருந்த மனைவிகிட்ட சொல்றாரு:

“நம்ம வீட்ல இனிமே அணுக் கடிகாரம் கிடையாது கீதா.”

“அதுக்கு ஏங்க மூஞ்சிய இப்படித் தொங்கப் போடுறீங்க?”

“பழைய செல்போன் டவர்ல நேரம் பிசகாம இருக்க மாட்டியிருந்த இந்தப் பெட்டிய தேடி வாங்கி, மூணு வாரமா மல்லுக்கட்டுறேன். கெப்பாசிட்டர் எல்லாம் மாத்தியாச்சு. நான் படுக்கப் போறப்ப பச்சை லைட் எரியுது, நேரம் அவ்வளவு துல்லியம். காலைல பார்த்தா லைட் அணைஞ்சு கிடக்கு. வயசாயிடுச்சு. கே.கே. நகர் நண்பர்கிட்ட கொடுத்துடுவோம், ஸ்பேருக்குப் பிரிச்சுக்கட்டும்.”

“அய்யய்யோ, அப்ப தயிருக்கு என்ன பண்றது?”

“தயிரா?”

“பெட்டி கதகதன்னு இருக்குல்ல? தினம் பாலுக்கு உறை ஊத்தி அது மேல வச்சு, துண்டால மூடிடுவேன். நீங்க எந்திரிக்கறதுக்குள்ள எடுத்துடுவேன்.”

“காத்து போற ஓட்டையெல்லாம் மூடிட்டியேம்மா! சூடு ஏறித்தான் அணைஞ்சிருக்கு!”

“அந்தத் தயிர ரெண்டாவது தடவ கேட்டு வாங்கி சாப்பிட்டது யாராம்?”

திருவானைக்காவல்ல பஸ் நின்னதும், பெட்டிய குழந்தை மாதிரி அணைச்சுக்கிட்டு எந்திரிச்சாரு.

“எறங்கு, வீட்டுக்குப் போவோம்.”

“அப்ப தயிர்?”

படியில கால வச்சவரு திரும்பிப் பார்த்தாரு.

“பாத்திரத்த ஓரமா வச்சுக்க. துண்டு மட்டும் வேணாம்.”